களைச்சு வர்றவங்களுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்குறது? டீச்சர் பதில்கள்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல நாலு கடிதம் ஒரே விஷயத்தச் சுத்தி வந்துச்சு, ராத்திரி மலாய் வகுப்பு. அதனால மத்த கேள்விங்கள அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சுட்டு இந்த நாலுக்கு மட்டும் எழுதுறேன். நான் சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாக்காரி, நம்மாளுங்க இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைன்னுதான் சொல்லுவாங்க, பள்ளிக்கூட வேலையில இருந்தப்பவும் அதுக்கப்புறமும் கோயில் மண்டபத்துல ராத்திரி வகுப்பு எடுத்தவ, அதனால இது எனக்கு மனசுக்கு ரொம்பக் கிட்ட இருக்கற விஷயம்.

கேள்வி: டீச்சர், எனக்கு 29 வயசு, ஆபீஸ்ல கிராணி வேலை. எங்க ஊர் கோயில் மண்டபத்துல செவ்வாயும் வியாழனும் ராத்திரி 8 மணில இருந்து 10 மணி வரைக்கும் பெரியவங்களுக்கு மலாய் சொல்லிக் குடுக்குறேன், காசு வாங்கறதில்ல. ஆரம்பிச்சப்போ 19 பேர் வந்தாங்க, செம்பனை குலை வெட்டறவங்க, ஃபேக்டரிக்குப் போற அக்காங்க, ரெண்டு மூனு தாத்தாங்க. இப்ப 7 பேர்தான். அதுலயும் ஒரு அக்கா மேசையில தலைய வெச்சுத் தூங்கிடறாங்க, இன்னொருத்தவங்க பேப்பரக் குடுத்தா பக்கத்துல தள்ளி விட்டுடறாங்க. நான் இடைநிலைப்பள்ளி படிவம் ஒன்னு புத்தகத்த வெச்சு இலக்கணத்துல இருந்து வரிசையா நடத்துறேன். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல, இவங்களுக்கு ஆர்வமே இல்லியா, இல்ல எனக்குத்தான் சொல்லிக் குடுக்கத் தெரியலயா?

பதில்: தங்கச்சி, ஆர்வம் இல்லாதவங்க ராத்திரி எட்டு மணிக்கு வரமாட்டாங்கம்மா. காலையில அஞ்சு மணிக்கு இருட்டுல எழுந்து, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கற பெரட்டுக்குப் போயி, 20 கிலோ குலைய நாள் முழுக்க வெட்டி இழுத்துப் போட்டுட்டு, வீட்டுக்கு வந்து குளிச்சு, பிள்ளைங்களுக்குச் சோறு போட்டுட்டு மறுபடியும் மோட்டார எடுத்துக்கிட்டு வந்து உக்காந்திருக்காங்கன்னா அந்த ஆர்வத்த நீங்க அளக்கவே வேணாம், அது உங்க கண்ணு முன்னாலயே உக்காந்திருக்கு. ஒடம்பு ஒத்துழைக்கல, அவ்வளவுதான். அந்தக் களைப்ப வெரட்டப் பாக்காதீங்க, களைச்சிருக்கற ஆளுக்குப் பொருந்துற மாதிரி பாடத்த மாத்துங்க, நான் இத்தன வருஷத்துல கத்துக்கிட்டது இது ஒன்னுதான்.

மொதல்ல அந்த பேப்பரத் தள்ளி விடற அக்காவப் பத்தி. அவங்க வயசு என்ன, நாப்பது தாண்டியிருக்கும்னு நெனைக்கிறேன். என் வகுப்புலயும் அப்படி ஒருத்தவங்க இருந்தாங்க, எப்பப் பேப்பர் குடுத்தாலும் தல வலிக்குது டீச்சர்னு சொல்லிட்டு பக்கத்துல தள்ளுவாங்க, நானும் மூனு மாசமா அவங்களுக்குப் படிக்கப் பிடிக்கலன்னே நெனச்சிருந்தேன். ஒருநாள் பேப்பர கைநீளத்துக்குத் தள்ளிப் புடிச்சுக்கிட்டு கண்ணச் சுருக்கறதப் பாத்துட்டு என் கண்ணாடியக் கழட்டிக் குடுத்தேன். போட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் மெதுவா ஒவ்வொரு எழுத்தா வெரல் வெச்சுப் படிச்சாங்க. வெள்ளெழுத்தும்மா, வேற ஒன்னும் இல்ல. நாப்பத நெருங்கறப்பவே கிட்டத்துல இருக்கறது மங்க ஆரம்பிச்சுடும், அதுவும் மண்டபத்துல ஒரே ஒரு குழல்விளக்கு, நாம குடுக்கறதோ புத்தகத்த ஜெராக்ஸ் எடுத்த பொடி எழுத்து. அடுத்த வகுப்புக்கே பெரிய எழுத்துல அடிச்சுக் குடுங்க, கடையில விக்கிற படிக்கிற கண்ணாடி ரெண்டு மூனு பவர்ல வாங்கி மேசையில வெச்சிருங்க, யாருக்கு வேணும்னு கேக்காதீங்க, சும்மா வெச்சிருங்க, எடுத்துக்குவாங்க.

தூங்கற அக்காவ எழுப்பாதீங்க. பத்து நிமிஷம் தூங்கட்டும், பக்கத்துல இருக்கறவங்க எழுப்பிக்குவாங்க. எல்லார் முன்னாடியும் பேரச் சொல்லி எழுப்பினா அடுத்த வாரம் வரமாட்டாங்க.

நேரத்தையும் கொறைங்க. ரெண்டு மணி நேரம் யாருக்கும் தாங்காது, எட்டே காலுக்கு ஆரம்பிச்சு ஒம்பதரைக்கு முடிச்சிருங்க, ஒம்பதரைன்னா ஒம்பதரை, நீங்க நடுவுல இருந்தாலும் நிறுத்திடணும். நேரத்துக்கு விடுவாங்கன்னு தெரிஞ்சா அலுப்பா இருந்தாலும் வருவாங்க. தேத்தண்ணியும் பிஸ்கட்டும் நடுவுல குடுக்காதீங்க, வந்ததும் குடுங்க, பாதிப் பேர் வெறும் வயித்தோட வந்திருப்பாங்க, பசியோட இருக்கறவங்களுக்கு ஒன்னும் ஏறாது. பாசா மாலாம், அதான் ராத்திரிச் சந்தை, நடக்கற நாள்ல வகுப்பு வெச்சிருந்தா அத மாத்துங்க. பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்தா ஒரு மூலையில பாய் போட்டு கலர் பென்சில் குடுத்துருங்க, அம்மாவுக்கு மனசு நிம்மதியா இருக்கும்.

இப்ப பாடத்துக்கு வர்றேன், இதுதான் முக்கியம். படிவம் ஒன்னு புத்தகத்த மூடி வெச்சுருங்கம்மா. அது பதிமூனு வயசுப் பிள்ளைக்கு எழுதுனது. நம்மாளுங்கள்ல பலபேரு தமிழ்ப்பள்ளியில ஆறாம் ஆண்டு முடிச்சு, மலாய் பத்தலன்னு புகுமுக வகுப்புல ஒரு வருஷம் கூட உக்காந்து, அங்க பட்ட வெக்கத்துல படிப்பையே விட்டவங்க. அதே மாதிரி ஒரு புத்தகத்த மறுபடி கையில குடுத்தா அந்தப் பழைய பயம்தான் மொதல்ல எழுந்து வரும்.

பிரேசில்ல பாவ்லோ ஃபிரேய்ரேன்னு ஒரு ஆசிரியர் இருந்தாரு. 1963-ல ஆங்கிகோஸ்ங்கற ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாத கிட்டத்தட்ட 300 பேருக்கு அவரும் அவரோட சேர்ந்த இளைஞர்களும் 40 மணி நேர வகுப்புல எழுதப் படிக்கக் கத்துக் குடுத்தாங்க. எப்படின்னா அ, ஆன்னு தொடங்கல. அந்த ஜனங்க வாயில தெனம் பொழங்கற வார்த்தை என்னன்னு மொதல்ல போயி கேட்டுட்டு வந்து, அந்த வார்த்தைல இருந்தே பாடத்த ஆரம்பிச்சாங்க. செங்கல்னா செங்கல். எனக்கு இது தெரிய வந்தப்போ நம்ம தோட்டத்து ஆளுங்கதான் ஞாபகத்துக்கு வந்தாங்க.

நம்ம ஆளுங்க வாயில என்ன வார்த்தை இருக்கு? போத்தோங், வெட்டறது. கூத்திப், உதிரிப் பழம் பொறுக்கறது. தோரே, பால்மரம் சீவறது. சாப்பு, கூட்டறது. இது எல்லாம் அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும், வேலை வாங்கற மண்டோர் கத்தறதக் கேட்டுக் கேட்டே தெரியும். தெரியாதது என்னன்னா பேப்பர்ல, நெரப்பிக் குடுக்கற போரத்துல, செய்தியில வர்றப்போ முன்னால மெ சேந்து வார்த்தையே வேற மாதிரி ஆயிடுது, போத்தோங் மெமோத்தோங் ஆகுது, கூத்திப் மெஙூத்திப் ஆகுது, தோரே மெனோரே ஆகுது, சாப்பு மெஞாப்பு ஆகுது. புத்தகத்துல இதுக்கு ஒரு பெரிய அட்டவணை போட்டிருக்கும், அதப் பாத்தாலே தல சுத்தும். நான் ஒரு ராத்திரி அந்த நாலு வார்த்தையையும் பலகையில எழுதிட்டு ஆரம்ப எழுத்துக்குப் பக்கத்துல அது எதுவா மாறுதுன்னு தமிழ்லயே எழுதினேன். க போயி ங வருது, ச போயி ஞ வருது, த போயி ந வருது, ப போயி ம வருது. பின்னால உக்காந்திருந்த ஒரு தாத்தா, பழைய ஆறாம் ஆண்டு, எழுந்து நின்னுட்டாரு. டீச்சர் இது நம்ம வல்லினம் மெல்லினம்தானே, இன எழுத்துதானே, ங்க ஞ்ச ந்த ம்பன்னாரு. ஆமா தாத்தா அதேதான்னேன். அன்னிக்கு மண்டபத்துல ஒருத்தரும் தூங்கல. அவரு வீட்டுக்குப் போற வழியெல்லாம் மோட்டார்ல வார்த்தைய மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டே போனதா அவர் மருமக மறுநாள் கடையில வந்து சொன்னா. சின்ன வயசுல வாத்தியார் அடிச்சுச் சொல்லிக் குடுத்த தமிழ் இலக்கணம் அம்பது வருஷம் கழிச்சு மலாய்க்குக் கை குடுக்கும்னு அவரு எதிர்பாக்கவே இல்ல, எனக்கும் அந்த நிமிஷம் தொண்டைய அடைச்சுக்கிச்சு.

மொத வகுப்புக்கு இன்னொன்னு சொல்றேன், அதுக்கு நோட்டே வேணாம். கெடாய் நம்ம கடை, கப்பால் நம்ம கப்பல், கத்தில் கட்டில், பெத்தி பெட்டி, தீராய் திரை, கோலாம் குளம், மோடால் முதல், கெல்டாய் கழுதை, குயில்னா கோயில். சுமாங்கறது நம்ம சும்மாதான், அங்க போயி மட்டும்ங்கற அர்த்தத்துக்கு மாறிடுச்சு. வடமொழி வழியா ரெண்டு பக்கமும் வந்தது வேற தனி, நாமா, வர்ணா, மூக்கா, பஹாசா, பூமி. ஒன்னுமே தெரியாதுன்னு தலைய குனிஞ்சுக்கிட்டு வந்தவங்களுக்கு ஒரு பதினஞ்சு வார்த்தை ஏற்கெனவே தெரியும்னு பத்தே நிமிஷத்துல காட்டிடலாம்.

அப்புறம் சம்பள சிலிப்ப கொண்டு வரச் சொல்லுங்க. தொகைய மறைச்சுட்டு, தலைப்ப மட்டும் படிச்சாப் போதும். காஜி போக்கோ அடிப்படைச் சம்பளம், கெர்ஜா லெபே மாசா ஓ.டி., போத்தோஙான் பிடித்தம். அந்த போத்தோஙான்ல இருக்கறது அவங்க தெனம் குலைய வெட்டற அதே போத்தோங்தான், சம்பளத்துல வெட்டறது. உதாரணத்துக்கு 1,700 வெள்ளி சம்பளத்துல 11 விழுக்காடு ஈபிஎஃப்க்கு, அதான் சேமநிதிக்கு, 187 வெள்ளி, அதுக்குக் கீழ சொக்சோங்கற தொழிலாளர் காப்புறுதி, அதுக்குக் கீழ இன்னும் ஏதாச்சும் வெட்டியிருந்தா அது என்னன்னு கேக்க மலாய்ல ஒரு வாக்கியம், இனி போத்தோஙான் அப்பா, இது என்ன பிடித்தம்னு அர்த்தம். இத நாலு தடவ ஒருத்தர் கிராணியாவும் ஒருத்தர் ஆளாவும் நின்னு பேசிப் பாக்கட்டும். நாளைக்கே வாயத் தொறந்து கேக்கலாம்ங்கற விஷயம் இருந்தா தூக்கம் தானா போயிடும். அடுத்த வாரம் கிளினிக் பேச்சு, செஜாக் பீலா சாக்கிட், டாக்டர் கேக்கற மொதக் கேள்வியே அதுதான், எப்ப இருந்து வலிக்குது.

புதுசா எதையும் கடைசி அர மணி நேரத்துல சொல்லாதீங்க, மொத இருவது நிமிஷத்துலயே சொல்லிடுங்க, அப்புறம் எழுந்து நின்னு பேசறது, ரெண்டு ரெண்டு பேரா போரம் நெரப்பறதுன்னு கை கால் அசையற வேலையா குடுங்க. ஒருத்தரத் தனியா எழுப்பி வாசிக்க வெக்கவே வெக்காதீங்க. போன வகுப்புல சொன்னத இந்த வகுப்பு ஆரம்பத்துல நோட்டப் பாக்காம கேளுங்க. எபிங்காவுஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1885-லயே தன்னையே வெச்சு சோதிச்சுப் பாத்து எழுதியிருக்காரு, படிச்சது முதல் நாள்லயே மளமளன்னு மறந்துடுது, திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்தா மறக்கற வேகம் கொறையுது. அதனால மறுநாள் மத்தியானம் வாட்சப்ல அர நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் அனுப்புங்க, எழுத்துல வேணாம், குரல்ல. சாப்பாட்டு நேரத்துல மரத்தடியில உக்காந்துக்கிட்டு கேப்பாங்க.

ஷிப்ட் மாறினா வராம போவாங்க, ஓ.டி. குடுத்தா வராம போவாங்க, அவங்களுக்கு அந்த காசு வேணும். திரும்பி வந்தா ஏன் வரலன்னு கேக்காதீங்க, வாங்க உக்காருங்கன்னு விட்டுப் போன தாளக் கையில குடுங்க. ஒவ்வொரு வகுப்பும் தனியா நிக்கற மாதிரி இருக்கணும், ஒன்னு தவறினா அடுத்தது புரியாதுன்னா களைச்ச ஆளு அதோட நின்னுடுவாங்க. விட்டுப் போன 12 பேர்ல ஒரு நாலு பேர் வீட்டுக்கு நேர்ல போயிட்டு வாங்கம்மா, கூப்பிடறதுக்குன்னு போகாதீங்க, என்ன தேவைப்படுதுன்னு கேட்டுட்டு வாங்க. உங்க பாடத்திட்டம் அங்கதான் இருக்கு.

கேள்வி: டீச்சர், லோரி ஓட்டறேன், 52 வயசு. ராத்திரி வகுப்புக்கு ரெண்டு மாசமா போறேன். வீட்டுல வந்து சொல்லிப் பாத்தா பிள்ளைங்க சிரிக்குது, அப்பா ரெண்டுன்னு சொல்றது கெழவன்னு கேக்குதுன்னு. நாக்கு இதுக்கு மேல திரும்பாதுன்னு நெனைக்கறேன், நின்னுடலாமா?

பதில்: நிக்காதீங்க தம்பி. உங்க பிள்ளைங்க சொல்றது சரிதான், ஆனா அது நாக்கு வயசாயிட்டதால வர்ற கோளாறு இல்ல. மலாய்ல ரெண்டுக்கும் கெழவனுக்கும் ஒரு சத்தம்தான் வித்தியாசம், தமிழ்ல எழுதினா ரெண்டுமே துவாதான், ஏன்னா நம்ம எழுத்துல அந்த ரெண்டு சத்தத்துக்கும் ஒரே த. ஆனா நம்ம வாயில ரெண்டும் இருக்கு. தந்தைன்னு சொல்லிப் பாருங்க, மொத த வேற, ரெண்டாவது த வேற. பம்பரம்னு சொல்லுங்க, மொத ப வேற, நடுவுல வர்ற ப வேற. தொண்டையில வெரல வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க, நடுவுல வர்றப்போ அதிர்றது தெரியும். அந்த அதிர்ற த-வ வார்த்தைக்கு முன்னாடி கொண்டு வந்தா அது ரெண்டு, அதிராம சொன்னா கெழவன். புதுசுங்கறதுக்கு பாரு, நுரையீரலுக்கும் பாரு, அதுவும் இதே கதைதான், அதிர்ற ப சொன்னா புதுசு.

மொதல்ல ந்துவா, ம்பாருன்னு முன்னால ஒரு சின்ன மெல்லினத்தோட சொல்லிப் பழகுங்க, சத்தம் வந்ததும் அந்த மெல்லினத்த விட்டுடுங்க. நீங்க லோரி ஓட்டறவரு, நாள் முழுக்க தனியா இருக்கீங்க, உங்கள மாதிரி பழக வசதி யாருக்கும் கெடையாது. ரோட்டுப் பலகையே உங்க புத்தகம், பெர்ஹெந்தின்னா நில்லு, ஆவாஸ்னா கவனம், பேரி லாலுவான்னா வழி விடு, குராங்கான் லாஜுன்னா வேகத்தக் கொறை, கடந்து போறப்போ சத்தமா படிச்சுட்டே போங்க. பிள்ளைங்க சிரிச்சா கோவப்படாதீங்க, இந்த வாரம் உக்காத்தி வெச்சு எனக்குப் பத்து வார்த்தை சொல்லிக் குடுன்னு கேளுங்க. அப்பாவுக்கு வாத்தியாரானா எந்தப் பிள்ளையும் சிரிக்காது.

கேள்வி: எங்க வகுப்புல அடிப்படை மலாய் படிக்கற அம்மாங்களும் இருக்காங்க, எஸ்.பி.எம். பரீட்சைய உலாங்கானா, அதான் மறுபடி, எழுதப் போற பசங்களும் இருக்காங்க. ஒன்னா நடத்தறதா, பிரிக்கறதா?

பதில்: மொத அரமணி நேரம் ஒன்னா, அதுக்கப்புறம் பிரிச்சிடுங்க. கவர்மெண்ட் வேலைக்கு மலாய்ல கிரெடிட் கேப்பாங்க, அந்தப் பசங்களுக்குக் கட்டுரை எழுதிப் பழகணும், 1103-ங்கற மலாய்ப் பாடத்தோட பழைய கேள்வித்தாள் போட்டுப் பழகணும், அம்மாங்களுக்கு அது பாரம். ஆனா முன்பாதியில பேச்சுப் பழக்கத்துக்கு ஒரு பையனோட ஒரு அம்மாவச் சேத்து விடுங்க. அந்தப் பையன் விளக்கிச் சொல்றப்போ அவனுக்கும் மனசுல நிக்கும், அந்தம்மாவும் நம்ம புள்ளைதானன்னு தப்பா சொல்லக் கூச்சப்பட மாட்டாங்க. நான் ரெண்டு மூனு வருஷம் இப்படி நடத்திப் பாத்திருக்கேன், எழுதப் போற பசங்க ஒழுங்கா வந்ததுக்கு அந்தம்மாங்கதான் காரணம், வரலன்னா வீட்டுக்கே போயிக் கேப்பாங்க.

கேள்வி: டீச்சர், எங்க பாட்டி 1955-ல தோட்டத்துல பொறந்தாங்க, இன்னமும் நிரந்தரவாசிங்களுக்குக் குடுக்கற சிவப்பு ஐசிதான். குடியுரிமை உள்ளவங்க வெச்சிருக்கற நீல ஐசிக்கு மனு போடலாம்னு சொல்றாங்க, ஆனா மலாய் கேப்பாங்கன்னு பாட்டிக்குப் பயம். கையெழுத்துகூடப் போடத் தெரியாது, பேச்சு மட்டும் கொஞ்சம் வரும். ராத்திரி வகுப்புக்கு அனுப்பலாமா?

பதில்: படிக்கறப்பவே மனசு வலிச்சுதும்மா. இந்த மண்ணுல பொறந்து, இந்த மரத்தச் சீவியே கை காய்ச்சுப் போனவங்க, எழுவது வயசுல மலாய் வருமான்னு பயப்படறாங்க. அரசியலமைப்புச் சட்டத்துல 16-வது பிரிவு மெர்டேக்காவுக்கு, அதான் சுதந்திரத்துக்கு, முன்னாடி இங்க பொறந்தவங்களுக்குன்னே இருக்கு. மனுவுக்கு முந்தின 7 வருஷத்துல 5 வருஷமாச்சும் இங்க இருந்திருக்கணும், இங்கயே நிரந்தரமா இருக்க எண்ணம் இருக்கணும், நல்ல நடத்தை இருக்கணும், மலாய் அடிப்படை அளவுக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான் அதுல கேக்கறது. வெளியில இருந்து வந்து குடியுரிமை கேக்கறவங்களுக்கு 19-வது பிரிவு, அதுல 12 வருஷத்துல 10 வருஷம் இருந்திருக்கணும், மலாயும் போதுமான அளவு வேணும்னு இருக்கு. ரெண்டும் வேற வேற அளவுங்கறத மொதல்ல பாட்டிகிட்ட சொல்லுங்க, பாதிப் பயம் போயிடும். இங்கதான் பொறந்தாங்கன்னு காட்ட பொறப்புப் பத்திரம் வேணும், அது இல்லாட்டி என்ன செய்யணும், எந்த போரம்னு ஜே.பி.என்.ங்கற தேசியப் பதிவு இலாகா கவுண்டர்ல நேர்ல கேட்டுக்குங்க, அக்கம்பக்கத்துல சொல்றத நம்பி அலையாதீங்க.

வகுப்புக்கு அனுப்ப வேணாம். ராத்திரி நேரம் அவங்களுக்குக் கண்ணும் தெரியாது, மண்டபப் படிக்கட்டும் ஒசரம். காலையில பசியாறுனதும் வாசல்ல நாற்காலி போட்டு உக்காருவாங்கல்ல, அப்ப நீங்களே பத்து நிமிஷம் கவுண்டர் ஆபீசர் மாதிரி கேளுங்க. சியாப்பா நாமா, பேரு என்ன. உமோர் பெராப்பா, வயசு எத்தன. லாஹிர் டி மானா, எங்க பொறந்தீங்க. அனாக் பெராப்பா ஓராங், பிள்ளைங்க எத்தன பேரு. டுலு கெர்ஜா அப்பா, முன்ன என்ன வேல செஞ்சீங்க. கடைசிக் கேள்விக்கு மட்டும் அவங்க என்ன பதில் சொல்லணும்னு நீங்க சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்ல, மெனோரேன்னு அவங்களே சொல்லுவாங்க. கையெழுத்துக்குத் தெனம் ஒரு எழுத்து, பேரோட மொத எழுத்துல இருந்து, ஒரு வாரத்துக்கு அதே எழுத்துதான், பெரிய நோட்டுல, தடிப் பேனாவுல.